ஏடிவிக்குப் புது பேட்டரி வாங்கும் முன்: அறிகுறி பார்த்துச் சோதிப்பது, சரியானதைத் தேர்வது

செல்ஃப் எடுக்காத ஏடிவியை (மணலிலும் சேற்றிலும் ஓடும் நாலு சக்கர வண்டி) தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் நோயையும் மருந்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்: "பேட்டரி போச்சு, புதுசு ஒண்ணு போட்டுடுங்க." சில நேரம் அது சரியாகவே இருக்கும். ஆனால் பேட்டரி காலியாக இருப்பது வேறு, கெட்டுப்போயிருப்பது வேறு. காலியான பேட்டரியைக் காலி செய்தது எது என்று பார்க்காமல் புதியதை மாட்டினால், சில மாதத்தில் அந்தப் புதியதும் அதே கதிக்கு வரும்.

நம் ஊரில் ஏடிவி ரிசார்ட்டுகளிலும் கடற்கரையோர ஓட்டுகளங்களிலும் சில மலைத்தோட்டங்களிலும்தான் ஓடுகிறது. அதற்கான பேட்டரி எல்லாக் கடையிலும் அலமாரியில் இருக்காது. வரவழைக்க நாளாகும், விலையும் கூடுதல். அதனால்தான் முதலில் மீட்டரை எடுங்கள் என்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

தேவையானவை கொஞ்சம்தான். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 1 முதல் 2 ஆம்பியர் வரை தரும், ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊற வைத்து மூடிய பேட்டரி வகை) நிலை உள்ள சிறிய சார்ஜர், 10 எம்எம் ஸ்பேனர், கம்பி பிரஷ், சமையல் சோடா கரைத்த தண்ணீர். மோதிரம், கைச்சங்கிலி இருந்தால் கழற்றி வையுங்கள். ஸ்பேனர் பாசிட்டிவையும் சேசிஸையும் ஒரே நேரத்தில் தொட்டால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில்.

வண்டி சில மணி நேரம் ஓடாமலும் சார்ஜ் ஆகாமலும் இருந்த நிலையில், இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே வோல்ட் பாருங்கள். ஏஜிஎம் வகை முழுதாக நிரம்பியிருந்தால் 12.8 முதல் 13.0 வரை காட்டும். தண்ணீர் ஊற்றும் பழைய வகையில் 12.6 அல்லது 12.7. இரண்டிலும் 12.2 பக்கம் வந்தால் பாதிதான் இருக்கிறது, 12.0 என்றால் கால் பங்கு. 11.8-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. இப்போதுதான் சார்ஜரைக் கழற்றினீர்கள் அல்லது வண்டியை அணைத்தீர்கள் என்றால் மீட்டர் கொஞ்சம் உயர்த்திக் காட்டும். அந்த எண்ணை நம்ப வேண்டாம்.

10.5 பக்கத்தில் ஒரு எண் நின்றுகொண்டு, சார்ஜ் போட்டாலும் பெரிதாக நகரவில்லை என்றால் ஆறு செல்களில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், அது குறைந்துவிட்டது. இதற்கு வைத்தியம் கிடையாது. நேரே தேர்வுப் பகுதிக்குப் போய்விடலாம்.

மற்ற எல்லாவற்றையும் முதலில் சார்ஜ் செய்யுங்கள். காலியான பேட்டரியைச் சோதித்து எந்த முடிவுக்கும் வர முடியாது. சார்ஜ் ஆம்பியர், பேட்டரியின் ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) எண்ணில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் போதும். 12 ஏஎச் என்றால் 1.2 ஆம்பியர். கார் பேட்டரி கடையில் கொடுத்து "சீக்கிரம் ஏத்திக் கொடுங்க" என்று சொன்னால் அவர்கள் பெரிய சார்ஜரில் போட்டு இரண்டு மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவார்கள். சின்ன ஏஜிஎம் பேட்டரியை வெந்து போகச் செய்ய அதைவிட எளிய வழி இல்லை.

மிகவும் இறங்கிப்போன பேட்டரியை இன்றைய புத்திசாலி சார்ஜர்கள் பேட்டரி என்றே ஒப்புக்கொள்வதில்லை. விளக்கு எரியாமல், அல்லது பிழை காட்டிவிட்டு நின்றுவிடும். பேட்டரி வகை ஈய-அமிலம்தான், வீக்கமோ விரிசலோ இல்லை என்று உறுதியானால், நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்றை அதனுடன் பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் என இணைத்து, சார்ஜரை அதன் மேல் போடுங்கள். சார்ஜர் வேலையைத் தொடங்கும். சிறிது நேரம் கழித்து நல்ல பேட்டரியைக் கழற்றிவிடலாம். பக்கத்திலேயே இருந்து தொட்டுப் பாருங்கள். சூடேறினால் நிறுத்திவிடுங்கள்.

சார்ஜ் நிரம்பியதும் கழற்றி ஒரு இரவு அப்படியே வையுங்கள். காலையில் ஏஜிஎம் 12.8-இல், தண்ணீர் ஊற்றும் வகை 12.6-இல் நின்றால் முதல் பரீட்சையில் தேறிவிட்டது. 12.4-க்கு இறங்கியிருந்தால் தகடுகளில் சல்பேட் படிந்துவிட்டது, இனி தேறாது.

தேறிய பேட்டரிக்கும் இரண்டாவது பரீட்சை உண்டு, ஏனென்றால் வோல்ட் மட்டம் மட்டுமே காட்டும், கொள்ளளவைக் காட்டாது. தூர் ஏறிய குளத்திலும் தண்ணீர் கரை தொட்டு நிற்கும், நாலு நாள் மடை திறந்தால்தான் எவ்வளவு இருந்தது என்று தெரியும். ஆகவே மீட்டர் கம்பிகளைப் பேட்டரி முனையிலேயே வைத்துக்கொண்டு செல்ஃபை அமுக்குங்கள். மோட்டார் சுற்றும் அந்த சில நொடியில் வோல்ட் 9.6-க்குக் கீழே போகக் கூடாது. கீழ் எண்ணைப் பிடித்து வைக்கும் வசதி உள்ள மீட்டராக இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒருவர் அமுக்க, இன்னொருவர் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு 5 நொடிக்கு மேல் சுற்ற விடாதீர்கள், இடையில் செல்ஃப் மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள். கடையில் லோடு டெஸ்டர் இருந்தால், பேட்டரியின் சிசிஏ (கடுங்குளிரில் தரக்கூடிய ஆம்பியர்) எண்ணில் பாதி ஆம்பியரை 15 நொடி இழுத்துப் பார்ப்பார்கள். அங்கும் எல்லை 9.6 தான்.

தண்ணீர் ஊற்றும் வகைக்கு ஹைட்ரோமீட்டர் இன்னும் துல்லியம். நிரம்பிய செல்லில் 1.265 முதல் 1.280 வரை காட்டும். ஆறு செல்லும் ஒன்றுபோல் குறைவாக இருந்தால் சார்ஜ் போதவில்லை. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்து நின்றால் பேட்டரி முடிந்தது.

இனி அறிகுறிகள்.

டகடகடகவென்று அடிக்கிறது, செல்ஃப் சுற்றவில்லை

ரிலே (செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் மின்காந்த சுவிட்ச்) ஒட்டுகிறது, மோட்டார் ஆம்பியரை இழுக்கிறது, வோல்ட் விழுகிறது, ரிலே விடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடியும் ஒட்டுகிறது. அந்தச் சத்தம்தான் இது. மீட்டரும் விளக்கும் அதே தாளத்தில் மங்கி எரியும். காரணம் காலியான பேட்டரி, அல்லது தளர்ந்த, உப்புப் பூத்த டெர்மினல். முதலில் டெர்மினலைக் கழற்றி சோடாத் தண்ணீர் விட்டுக் கழுவி, பிரஷ் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். பிறகு மேலே சொன்ன சார்ஜும் இரண்டு பரீட்சையும். இந்த அறிகுறியில் பேட்டரி மீது சந்தேகப்படுவது பெரும்பாலும் நியாயம்தான்.

ஒரே ஒரு "டக்", அதன் பிறகு மௌனம்

இங்கேதான் அதிகமாகப் பேட்டரி வீணாக மாற்றப்படுகிறது. ஒரு டக் கேட்கிறது, விளக்கு மங்கவே இல்லை என்றால் செல்ஃப் மோட்டாருக்கான பெரிய மின்சாரம் பேட்டரியை விட்டு வெளியேறவே இல்லை என்று அர்த்தம். ரிலேவின் உள் காண்டாக்ட் கரிந்திருக்கலாம், கேபிள் உள்ளுக்குள் பச்சைப் பிடித்திருக்கலாம், செல்ஃப் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம், எர்த் கேபிள் சேசிஸில் மாட்டும் போல்ட்டுக்கு அடியில் சேறும் துருவும் இருக்கலாம். ஏடிவி சேற்றிலும் உப்புக்காற்றிலும் ஓடும் வண்டி. அந்த எர்த் போல்ட்டை முதலில் பார்ப்பது என் வழக்கம்.

ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு கம்பியைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு கம்பியைச் செல்ஃப் மோட்டாரின் கேபிள் போல்ட்டிலும் வைத்துச் செல்ஃபை அமுக்குங்கள். கம்பி நுனி டெர்மினலின் ஈயத்தையே தொட வேண்டும், அதன் மேல் உள்ள லக்கை (கேபிளின் முனை வளையத்தை) அல்ல. அமுக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ தடை. ரிலேவின் இரண்டு பெரிய போல்ட்டுக்கும் குறுக்கே தனியாக அளந்தால் தடை ரிலேவிலா கேபிளிலா என்று பிரிந்துவிடும். அமுக்கும்போது ரிலேவுக்குக் குறுக்கே முழு 12 வோல்ட்டும் நின்றால் ரிலே மூடவே இல்லை, உள் காண்டாக்ட் தீர்ந்தது.

அடுத்து எர்த் பக்கம். பேட்டரி நெகட்டிவ் ஈயத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் உடம்புக்கு. இங்கே 0.2, 0.3-க்கு மேல் கூடாது. கூடினால் போல்ட்டைக் கழற்றி உலோகம் தெரியச் சுரண்டி மாட்டுங்கள். செலவில்லாத வைத்தியம்.

இரண்டு பக்கமும் சுத்தம், பேட்டரி முனையில் 12 வோல்ட் அசையாமல் நிற்கிறது, மோட்டார் சுற்றவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற வேண்டியதுதான். பேட்டரி முனையிலேயே வோல்ட் 8, 9-க்கு விழுந்து மோட்டார் அசையவில்லை என்றால் இரண்டில் ஒன்று: பேட்டரி பலவீனம், அல்லது மோட்டாரோ என்ஜினோ இறுகிப்போய் ஆம்பியரைக் குடிக்கிறது. நல்ல பேட்டரி ஒன்றை மாற்றி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீரில் மூழ்கிய வண்டி என்றால் பிளக்கைக் கழற்றிய பிறகு சுற்றுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

கார் எடுத்து வந்து ஜம்ப் ஒயர் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், கார் என்ஜின் அணைந்திருக்கும் வரை. ஓடும் காரிலிருந்து போட வேண்டாம். ஒயரைத் தலைகீழாக மாட்டிவிட்டால் மெயின் ஃபியூஸ் போகும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் ரெகுலேட்டரின் (சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) டையோடும் சேர்ந்து போகும்.

சத்தமே இல்லை

விளக்கு எரிகிறதா? எரிந்தால் பேட்டரியை விட்டுவிட்டுக் கில் சுவிட்ச், கியர் நியூட்ரல் அல்லது பார்க்கில் இருக்கிறதா, பிரேக் லிவரை அமுக்கியிருக்கிறீர்களா, அந்த லிவரின் சின்ன சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் ஓட்டும் சிறிய வண்டிகளில் பின்னால் கயிறு மாட்டும் சுவிட்ச் ஒன்று இருக்கும், அது கழன்றிருந்தாலும் இதே மௌனம்தான். விளக்கும் எரியவில்லை என்றால் மெயின் ஃபியூஸ், டெர்மினல், பிறகு பேட்டரி. பேட்டரியில் மீட்டர் பூஜ்யம் காட்டி, அது லித்தியம் வகை என்றால் பதற வேண்டாம். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று அளவுக்கு மேல் இறங்கியதும் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். லித்தியத்துக்கான சார்ஜரில் போட்டால் பல நேரம் விழித்துக்கொள்ளும்.

செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

கார்பரேட்டர் வண்டியில் இது பேட்டரியின் கதை அல்ல. இஎஃப்ஐ (கணினிக் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும்) வண்டியில் ஆகலாம். பேட்டரி பலவீனமாக இருந்தால் மோட்டார் சுற்றும்போது விழும் வோல்ட்டில் பெட்ரோல் பம்பும் ஈசியூவும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சரியாக வேலை செய்யாது. பவர் ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு, சம்பந்தமில்லாத பிழைக் குறியீடுகள் எல்லாம் ஒன்றாகத் தோன்றும். சென்சார் மாற்றுவதற்கு முன் பேட்டரியை நிரப்பிவிட்டு மறுபடி பாருங்கள்.

நேற்று ஓடியது, ஒரு வாரம் நின்றால் காலி

பேட்டரி இரண்டு பரீட்சையிலும் தேறுகிறது, வண்டியில் மாட்டி நிறுத்தினால் மட்டும் இறங்குகிறது. அப்படியானால் சாவி அணைந்த பிறகும் ஏதோ குடித்துக்கொண்டிருக்கிறது.

நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியர் நிலையில் வையுங்கள். 10 ஆம்பியர் துளையில் தொடங்கி, எண் சிறிது என்று தெரிந்த பிறகு மில்லி ஆம்பியருக்கு இறங்குங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது சாவியைப் போடவோ செல்ஃபை அமுக்கவோ கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ஈசியூ தூங்குவதற்கு ஓரிரு நிமிடம் கொடுங்கள்.

கடிகாரமும் ஈசியூவும் சில மில்லி ஆம்பியர் எடுப்பது இயல்பு. 5 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.12 ஏஎச், 12 ஏஎச் பேட்டரி பாதிக்கு இறங்க 50 நாள் ஆகும். அதுவே 50 மில்லி ஆம்பியர் என்றால் 5 நாள்தான். ஒரு வாரத்தில் காலியாகிறது என்று சொல்பவரின் வண்டியில் எந்த அளவு எண்ணைத் தேட வேண்டும் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

எண் பெரிதாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்தப் பாதையில் ஆள் இருக்கிறார். எந்த ஃபியூஸுக்கும் விழவில்லை என்றால் பேட்டரியில் நேரடியாக மாட்டிய சமாச்சாரங்கள்: ஜிபிஎஸ் டிராக்கர், யுஎஸ்பி சார்ஜர், எல்இடி பட்டை, வின்ச்சின் (கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார்) ரிமோட் பெட்டி. வாடகைக்கு விடும் வண்டிகளில் டிராக்கர்தான் எனக்கு முதல் சந்தேகம். மலிவான சீன 110 சிசி வண்டிகளில் வரும் ரிமோட் அலாரம் அடுத்தது. அந்த வண்டிகளில் பேட்டரியே ஸ்கூட்டர் அளவுதான், தாங்காது. கடைசியாக ரெகுலேட்டரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே டையோடு கசிந்தால் பேட்டரி அதன் வழியாகவே வெளியேறிக்கொண்டிருக்கும்.

எதுவுமே குடிக்கவில்லை, ஆனாலும் இறங்குகிறது என்றால், வண்டி எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். பத்து நிமிடச் சுற்று, நிறுத்தம், மறுபடி ஸ்டார்ட், அடுத்த ஆள் ஏறும்வரை ஐடிலில் விளக்கும் ரேடியேட்டர் ஃபேனும் ஓட நிற்பது: ரிசார்ட் வண்டியின் ஒரு நாள் இதுதான். ஐடிலில் ஸ்டேட்டர் (என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் காயில்) தருவது கொஞ்சம். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் எடுத்தது திரும்பி வருவதற்குள் அடுத்த ஸ்டார்ட். பேட்டரி எப்போதும் பாதியிலேயே வாழ்கிறது, 12.4-க்குக் கீழே தொடர்ந்து கிடக்கும் தகட்டில் சல்பேட் இறுகுகிறது. இப்படிப்பட்ட வண்டிக்கு எவ்வளவு விலை உயர்ந்த பேட்டரி போட்டாலும் ஆயுள் வராது. வாரம் ஒரு இரவு சார்ஜரில் போடுவதுதான் வழி. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் வண்டியை மூடி வைப்பவர்கள் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை வோல்ட் பார்த்து 12.5-க்குக் கீழே போனால் நிரப்பிவிடுங்கள்.

ஓட ஓட விளக்கு மங்குகிறது, பாதி வழியில் நிற்கிறது

நிரம்பிய பேட்டரியோடு என்ஜினை ஸ்டார்ட் செய்து, மீட்டரை முனையில் வைத்து ஆக்சிலரேட்டரை நிமிடத்துக்கு 3000, 4000 சுற்றுக்கு ஏற்றுங்கள். 13.5 முதல் 14.8 வரை வந்தால் சார்ஜிங் நலம். பொலாரிஸ் போன்ற டிஜிட்டல் மீட்டர் உள்ள வண்டிகளில் திரையிலேயே வோல்ட்டைப் பார்க்கலாம். ஆனாலும் முனையில் வைத்த மீட்டர்தான் நடுவர்.

வோல்ட் 12-இலேயே கிடந்து மெல்ல இறங்கினால் பேட்டரிக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. ஸ்டேட்டரிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று ஒயர்களின் பிளக்கைக் கழற்றுங்கள். பல வண்டிகளில் மூன்றும் ஒரே நிறம், ஹோண்டாவில் மஞ்சள். பிளக் உருகிப் பழுப்பேறியிருந்தால் பாதி விடை கையில். என்ஜின் ஓடும்போது மூன்று ஒயரில் இரண்டிரண்டாக ஏசி வோல்ட் பாருங்கள். மூன்று ஜோடியும் ஒரே அளவாக, சுற்று ஏற ஏறக் கூடிக்கொண்டே போக வேண்டும். ஒரு ஜோடி மட்டும் குறைந்தால் ஸ்டேட்டர் காயில் எரிந்திருக்கிறது. என்ஜினை அணைத்துவிட்டு எந்த ஒயரிலிருந்தாவது சேசிஸுக்குத் தொடர்ச்சி காட்டினாலும் அதே முடிவு. மூன்றும் நன்றாக இருந்தும் பேட்டரிக்கு வரவில்லை என்றால் ரெகுலேட்டர், அல்லது அதிலிருந்து பேட்டரிக்கு வரும் ஒயர். ரெகுலேட்டரின் அலுமினியச் சிறகுகளில் சேறு காய்ந்து அப்பிக் கிடந்தால் சூடு வெளியேறாமல் அது வெந்து போகும். சேற்றில் ஓட்டிய அன்றே அதன் மேல் தண்ணீர் அடியுங்கள்.

பேட்டரி வீங்கியிருக்கிறது, அழுகிய முட்டை வாடை அடிக்கிறது

இந்த பேட்டரிக்கு ஆயுள் முடிந்தது. சார்ஜில் போடாதீர்கள், பக்கத்தில் தீப்பொறி வேண்டாம். புதியதை மாட்டியதும், ஓட்டுவதற்கு முன், சார்ஜிங் வோல்ட்டைப் பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரோ அதன் எர்த்தோ கெட்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றும் வகையில் அடிக்கடி தண்ணீர் குறைவதும் இதே நோயின் மெல்லிய வடிவம்.

வின்ச் இழுக்கும்போது என்ஜின் நின்றுபோகிறது

ஒரு டன்னுக்குச் சற்று மேல் இழுக்கும் 2500 பவுண்டு வின்ச் முழுச் சுமையில் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஸ்டேட்டர் தருவது அதில் ஒரு சிறு பங்கு, மீதி முழுக்கப் பேட்டரியிலிருந்துதான். இது கோளாறு அல்ல, கணக்கு. என்ஜினைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுங்கள். வின்ச் அன்றாட வேலை என்றால் பேட்டரி தேர்வில் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தேர்வு: எண்ணைவிட எழுத்து முக்கியம்

பழைய பேட்டரியின் மேல் ஒய்டிஎக்ஸ்14-பிஎஸ் என்பதுபோல ஒரு குறி இருக்கும். அதிலுள்ள 14 ஏஎச் அல்ல. அந்த பேட்டரி 12 ஏஎச் தான், சிசிஏ 200, அளவு 150 × 87 × 145 மில்லிமீட்டர். பெரிய ஏடிவிகளில் வரும் ஒய்டிஎக்ஸ்20எல்-பிஎஸ் 18 ஏஎச், சிசிஏ 270, அளவு 175 × 87 × 155. பொலாரிஸின் பெரிய வண்டிகளில் காணப்படும் ஒய்ஐஎக்ஸ்30எல் 30 ஏஎச், சிசிஏ 385, அளவு 166 × 126 × 175. எண்ணை ஏஎச் என்று நினைத்துக் கடைக்காரரிடம் "14 ஏஎச் கொடுங்க" என்றால் பெட்டியில் நுழையாத ஒன்று கைக்கு வரும்.

எல் என்ற எழுத்துதான் ஆபத்தானது. டெர்மினல் இருக்கும் பக்கம் உங்களைப் பார்க்கும்படி பேட்டரியை வையுங்கள். பாசிட்டிவ் வலது கையில் வந்தால் எல் வகை, இடது கையில் வந்தால் எல் இல்லாதது. ஒய்டிஎக்ஸ்14-பிஎஸ்ஸும் ஒய்டிஎக்ஸ்14எல்-பிஎஸ்ஸும் ஒரே பெட்டி அளவு, இடம் மட்டும் மாறும். தவறானதை வாங்கினால் கேபிள் எட்டாது. எட்ட வைக்க இழுத்துக் குறுக்கே கட்டினால் ஒருநாள் சீட்டுக்கடியில் ஷார்ட் ஆகும். பேட்டரியை ஏற்கெனவே யாரோ மாற்றியிருந்தால் அதன் குறியையும் நம்பாதீர்கள், வண்டியின் கையேட்டைப் பாருங்கள். பெட்டியை டேப் வைத்து அளந்து, பாசிட்டிவ் கேபிள் எந்தப் பக்கம் வருகிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நம் ஊரில் தேடும்போது ஒரு உதவி: கேடிஎம் டியூக் 390-இல் 12 வோல்ட் 8 ஏஎச், ராயல் என்ஃபீல்டு 650 வண்டிகளில் 12 வோல்ட் 12 ஏஎச் பேட்டரி இருக்கிறது. ஒய்டிஎக்ஸ்9, ஒய்டிஎக்ஸ்14 வகை தேவைப்படுபவர்கள் பைக் பேட்டரி கடையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரிக்கத் தொடங்கலாம். நீளம், அகலம், உயரம், பாசிட்டிவ் பக்கம் நான்கையும் ஒத்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

விலை குறைவு என்று யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியைத் துணி சுற்றிச் செருகிய வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். மெல்ல மெல்லக் கொடுக்க வடிவமைக்கப்பட்டது அது. அதன் தகர நாக்கு போன்ற சின்ன முனைகள் செல்ஃப் இழுக்கும் ஆம்பியரைத் தாங்காது, அதிர்வையும் தாங்காது. வேண்டாம்.

அதே பெட்டிக்குள் சிசிஏ கூடுதலாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். செல்ஃப் தனக்குத் தேவையானதை மட்டுமே எடுக்கும். சிசிஏ என்பது மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் 30 நொடிக்கு, 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் எத்தனை ஆம்பியர் தரும் என்பது. நம் ஊரில் அந்தக் குளிர் கிடையாது, ஆனாலும் பேட்டரியின் அடி எவ்வளவு பலமானது என்று சொல்லும் ஒரே எண் அதுதான். கனடாவில் இருந்து படிப்பவர்களுக்கு அது நிஜமாகவே உயிர் எண். அந்தக் குளிரில் நல்ல பேட்டரியே பாதிக்கும் குறைவான பலத்தைத்தான் தரும், என்ஜின் ஆயிலோ கெட்டியாகிக் கூடுதலாகக் கேட்கும். காலியான ஈய பேட்டரி அங்கே உறைந்து வெடிப்பு விடும், நிரம்பியது உறையாது.

வகையில் என் விருப்பம் ஏஜிஎம். சாய்ந்தாலும் குலுங்கினாலும் அமிலம் சிந்தாது. தண்ணீர் ஊற்றும் வகை மலிவு, ஆனால் ஏடிவி சரிவில் நிற்கும், கவிழும், மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டம் பார்க்க ஆள் வேண்டும். வண்டி அதற்கென வடிவமைக்கப்பட்டு, காற்றுக்குழாயும் வைத்திருந்தால் மட்டும் அதைத் தொடருங்கள். குழாய் மடங்கினால் அமில ஆவி சேசிஸைத் தின்னும்.

லித்தியம், அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட், பந்தய ஏடிவிக்குப் பொருத்தம். எடையில் பல கிலோ குறையும், நிற்கும்போது தானாக இறங்குவதும் குறைவு. ஆனால் மேலே பெரிதாக அச்சிட்டிருக்கும் ஏஎச் பெரும்பாலும் "ஈயத்துக்குச் சமம்" என்ற கணக்கு. உண்மையான கொள்ளளவு அதைவிட மிகக் குறைவு, வின்ச் போட்டால் சீக்கிரம் தெரிந்துவிடும். நிரம்பியபோதே 13.2-க்கு மேல் காட்டும் என்பதால் மேலே சொன்ன வோல்ட் கணக்கு இதற்குப் பொருந்தாது. சார்ஜிங் 14.6-ஐத் தாண்டும் பழைய வண்டியில் போட வேண்டாம். சல்பேட் நீக்கும் நிலை உள்ள சார்ஜரை இதன் பக்கமே கொண்டு போகாதீர்கள். உறைபனியில் சார்ஜ் ஏற்றவும் கூடாது. தோட்டத்து வண்டிக்கும் ரிசார்ட் வண்டிக்கும் இதற்குத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கடையிலேயே மீட்டரை வையுங்கள். தொழிற்சாலையிலேயே அமிலம் நிரப்பி மூடிய பேட்டரி 12.4-க்குக் கீழே காட்டினால் அது அலமாரியில் வெகுநாள் கிடந்தது. தயாரிப்பு மாதத்தையும் பார்த்துவிட்டு வேறு கேளுங்கள்.

நிரப்புவதும் மாட்டுவதும்

குறியின் முடிவில் வரும் பிஎஸ், அமிலம் தனிப் புட்டியில் வருகிறது என்பதைச் சொல்கிறது. ஆறு மூக்குள்ள அந்தப் புட்டியின் வாயை மூடிய மெல்லிய தகட்டுத்தாளைப் பிரிக்காமல், தலைகீழாகப் பேட்டரியின் ஆறு துளையிலும் நேராக அழுத்துங்கள். குமிழி விட்டு இறங்கும். முழுதாக இறங்க இருபது நிமிடம் வரை ஆகலாம், அவசரப்பட்டுத் துளை போட வேண்டாம். இறங்கிய பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊற விட்டு, சார்ஜரில் முழுதாக நிரப்புங்கள். இந்த முதல் சார்ஜை விட்டுவிடுவதுதான் புது பேட்டரிக்குச் செய்யும் முதல் துரோகம். நிரப்பாமல் மாட்டினால் அது வாழ்நாள் முழுதும் தன் முழு அளவை எட்டாது. கடைக்காரர் "ஊத்தியாச்சு, அப்படியே மாட்டிடுங்க" என்பார். நீங்கள் வீட்டில் ஒரு இரவு போட்டுவிட்டு மாட்டுங்கள். மூடிப் பட்டையை அழுத்தி மூடிய பின் அதை மறுபடி திறக்கக் கூடாது, தண்ணீரும் ஊற்றக் கூடாது.

பெட்டிக்குள் ஆட்டம் இருந்தால் ரப்பர் துண்டு வைத்து இறுக்கிப் பட்டை போடுங்கள், அதிர்வு தகட்டை உதிர்க்கும். டெர்மினல் போல்ட்டை இறுக்குங்கள், முறுக்காதீர்கள், ஈயம் மென்மையானது. இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள், இடையில் அல்ல.

மாட்டியதும் மூன்று எண் எடுத்து, தேதியோடு ஒரு டேப்பில் எழுதிப் பேட்டரி மேலேயே ஒட்டுங்கள்: நிற்கும்போது வோல்ட், செல்ஃப் சுற்றும்போது வோல்ட், 4000 சுற்றில் வோல்ட். பழைய பேட்டரியைக் கடையிலேயே மாற்றுக்குக் கொடுத்தால் ஈயத்துக்கு விலை கழிப்பார்கள். பேட்டரி கழிவு விதிகள் 2022-இன்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பும் தயாரிப்பவர்களுக்கு உண்டு. அமிலத்தைத் தோட்டத்தில் கொட்டிவிட்டுக் கூட்டை மட்டும் எடைக்குப் போடாதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு இரவு நின்ற வண்டியில், மறுபடி வோல்ட் பாருங்கள். 12.7-க்கு மேல் இருந்தால் வேலை முடிந்தது. 12.4-க்கு வந்திருந்தால் பேட்டரி கடைக்குச் சண்டை போடப் போகும் முன், மில்லி ஆம்பியர் அளக்கும் பகுதிக்கும் ஸ்டேட்டர் பகுதிக்கும் திரும்புங்கள்.